கண்ணேறும் கழுநீர்த் தொட்டியும்

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது நம்மவர் நாவில் நாள்தோறும் புழங்கும் பழமொழி. அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், அதே பெண்களும் அவர்தம் கணவன்மாரும் மாட்டுக் கொட்டகைக்குள் நுழையும்போது இப்பழமொழியை வெளியிலேயே விட்டுவிடுகின்றனர். பசுவுக்குப் பால் குறைந்தால் பக்கத்து வீட்டாரைப் பார்க்கின்றனர். ஆடு மெலிந்தால் ஆகாயத்தைப் பார்க்கின்றனர். கோழி முட்டையிடாவிட்டால் பஞ்சாங்கத்தைப் பார்க்கின்றனர். தீவனத் தொட்டியைக் குனிந்து பார்ப்பவர் நூற்றில் ஒருவரே.

இவ்வாறு பிறரைக் குறைகூறும் தகுதி எனக்குண்டு என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டாம். தொட்டியில் கிடந்த குற்றத்தை அறிந்திருந்தும் வாய்திறவாமல் நின்றவன் நான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லி, அதனால் நான் கற்ற சிறிது மாட்டுத் தீவன விஷயத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் தோட்டம் கீழ்ப் பேராக்கில் இருந்தது. இன்று தெலுக் இந்தான் என வழங்கும் நகரம், 1982-ஆம் ஆண்டு பெயர் மாறும் வரையில், தெலுக் ஆன்சன். அதுவே எங்களுக்குப் பட்டணம். மேற்கே பாகான் டத்தோ பக்கத்தில் தென்னந்தோட்டங்கள். வடக்கே சுங்கை மானிக்கில் நெல் வயல்கள். ஆகவே தேங்காய்ப் புண்ணாக்குக்கும் அரிசித் தவிட்டுக்கும் எங்கள் வட்டாரத்தில் பஞ்சமில்லை. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது மாடு நின்றதற்கு இவ்விரண்டும் முக்கிய காரணங்கள்.

என் தாயும் தந்தையும் பால்மரம் வெட்டுபவர்கள். விடியுமுன் பிரட்டுக் களத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன்பே எழுந்து தாயார் எங்கள் செவலைப் பசுவைக் கறந்துவிடுவார். காலையில் நான்கு போத்தல், மாலையில் இரண்டு போத்தல். கிராணியார் வீட்டுக்கு இரண்டு, ஆசிரியர் வீட்டுக்கு ஒன்று, மீதி பட்டணத்துக் காப்பிக் கடைக்கு. எங்கள் வீட்டிலோ, கறந்த பாலையெல்லாம் விற்றுவிட்டுக் கடையில் டின்பால் வாங்கிக் காப்பிக்கு ஊற்றிக் கொண்டோம். இந்த வேடிக்கை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். பால் பணம்தான் எங்கள் பள்ளிச் சம்பளம், தீபாவளித் துணி, தங்கை காய்ச்சலில் விழுந்தபோது டாக்ஸிக் கூலி.

எதிர் லயத்தில் ஒரு கிழவியார் இருந்தார். எல்லோரும் அவரை ஆயா என்றே அழைத்தோம். சண்டைக்கு முன் கப்பலேறி வந்தவர். கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பறிகொடுத்தவர். தோட்டத்தில் வேலை செய்யும் வயது கடந்துவிட்டதால், எங்கள் மாட்டுக்குப் புல்லறுத்துக் கொடுத்து அதற்குக் கூலியாக மாதம் சிறிது காசும், நாள்தோறும் ஒரு குவளைப் பாலும் பெற்று வந்தார். அவர் புல்லறுக்கும் விதம் வேறு. பக்கத்திலே முழங்கால் உயரம் லாலான் மண்டிக் கிடந்தாலும் அதில் அரிவாளை வைக்கமாட்டார். ஓடையோரம் தளதளவென்று முளைத்த இளம்புல்லைத் தேடிப் போவார். இளம் ரப்பர் மரங்களுக்கிடையே மண்ணை மூடுவதற்காகத் தோட்டத்தார் வளர்த்த பயற்றினக் கொடிகள் சாலைக்கு வழிந்து வருமல்லவா, அவற்றையும் கொஞ்சம் அறுத்துப் புல்லோடு கலந்து கட்டுவார். "ஏன் ஆயா இவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "மாடு வாயால் தின்கிறது, அப்பா, கண்ணால் தின்கிறதா? பச்சையாக இருப்பதெல்லாம் தீனியாகிவிடுமா?" என்றார். அந்த விடையின் ஆழம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

1963-ஆம் ஆண்டின் கடைசி மழைக்காலம். எனக்கு வயது பதின்மூன்று. ஒரு சனிக்கிழமை, அரை மூட்டைத் தேங்காய்ப் புண்ணாக்கு வாங்கிவரும்படி தாயார் என்னிடம் நான்கு வெள்ளி கொடுத்துச் சைக்கிளில் பட்டணத்துக்கு அனுப்பினார். கடையில் நல்ல புண்ணாக்கு நான்கு வெள்ளிதான். ஆனால் மூலையில் மழைச்சாரல் பட்ட மூட்டை ஒன்று கிடந்தது. "அது வேண்டுமானால் இரண்டரை வெள்ளி" என்றார் கடைக்காரர். அவர் எதையும் மறைக்கவில்லை; நனைந்த சரக்கு என்று சொல்லியே விற்றார். மறைத்தவன் நான். மூட்டையைக் கடையிலேயே வைத்துவிட்டுப் பகல் ஆட்டம் சினிமாவுக்குப் போனேன். மீதிக் காசில் மீ கோரெங்கும் ஐஸ் தண்ணீரும் சாப்பிட்டேன். மாலையில் மூட்டையைச் சைக்கிளில் ஏற்றி வீடு திரும்பியபோது, உலகத்தில் என்னைப்போல் கெட்டிக்காரன் இல்லையென்று நினைத்துக் கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் புல்லுக்கட்டோடு வந்த ஆயா, கொட்டகையில் கிடந்த புண்ணாக்குத் துண்டொன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதன் ஓரமெல்லாம் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. "அம்மாடி, புண்ணாக்குப் பூத்துப் போயிருக்கிறதே! இப்படிக் குடம்போல மடி வைத்துக்கொண்டு பால் தருகிற மாட்டுக்கு இதையா போடுவது?" என்று என் தாயாரிடம் கூறினார். தாயார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கடையில் எல்லாமே இப்படித்தான் இருக்கிறது, அம்மா. மழைக்காலமாம்" என்றேன். மகன் சொல்லைத் தாய் நம்பினார். காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கொட்டிவிட எந்தத் தோட்டத்துப் பெண்ணுக்குத்தான் மனம் வரும்? கழுநீரில் ஊறவைத்துக் கரைத்தால் வாடை தெரியவில்லை. பசுவும் முதலில் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு குடித்தது. நான்கு மாதக் கன்றுக்குட்டிக்கும் அதே கரைசலில் ஒரு பங்கு வைத்தோம்.

பத்து நாளில் ஆறு போத்தல் பால் நான்காயிற்று. பசுவின் மயிர் மினுமினுப்புக் குறைந்து சிலிர்த்து நின்றது. கன்று துள்ளுவதை விட்டு மூலையில் படுத்துக் கொண்டது. லயத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். பால் குறைந்தது எப்போது? அந்தக் கிழவி வந்து பேசிய பிறகு. அவள் பேசியது என்ன? "குடம்போல மடி" என்றாள். புருஷனை விழுங்கியவள் கண்பட்டால் பச்சை மரமும் பட்டுப்போகுமே! புண்ணாக்கைப் பற்றி ஆயா சொன்ன பாதி வாக்கியம் மறைந்துவிட்டது. மடியைப் பற்றிச் சொன்ன பாதி வாக்கியமே லயம் முழுதும் உலாவிற்று.

மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். கொம்பிலே கறுப்புக் கயிறு, கொட்டகை வாயிலில் எலுமிச்சம்பழம். பிறகு ஒரு பூசாரியை அழைத்து, சேவல் அறுத்து, கழிப்புக் கழித்தார்கள். அதற்குப் பன்னிரண்டு வெள்ளி செலவு. நல்ல புண்ணாக்கு ஒன்றரை மூட்டை வாங்கியிருக்கக்கூடிய பணம். அன்றே ஆயாவிடம், "இனி இந்தப் பக்கம் வராதே" என்று என் தாயார் சொல்லிவிட்டார். ஆயா வாதாடவில்லை. அரிவாளை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணேறு என்று ஒன்று உண்டானால் அதுதான் கண்ணேறு, அது என்மேல் பட்டது, இன்றுவரை கழியவில்லை.

நேயர்களே, இனி நடந்ததுதான் இக்கதையின் விசித்திரம். ஆயாவைத் துரத்தியதும் புல்லறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு ஓடையோரம் போக ஏது பொறுமை? கைக்கெட்டிய லாலானை அறுத்து வந்து போட்டேன். முற்றிய லாலான் வெறும் நார். பூத்த புண்ணாக்கால் பாதி குன்றியிருந்த மாட்டுக்கு, அதுவரை முட்டுக் கொடுத்துக் கொண்டிருந்த இளம்புல்லும் கொடியும் அன்றோடு நின்றுபோயின. நான்கு போத்தல் இரண்டாயிற்று. "பார்த்தீர்களா, போகும்போது முறைத்துப் பார்த்துவிட்டுப் போனாளே!" என்றார்கள். மூட நம்பிக்கையின் கொடுமை இதுதான். அது தீங்கின் காரணத்தைக் காட்டத் தவறுவதோடு நில்லாது, தீங்கைத் தடுத்துக் கொண்டிருந்த கையையும் வெட்டிவிடுகிறது. வெட்டியதால் வளர்ந்த தீங்கைத் தனக்கே சாட்சியாகவும் கொண்டுவந்து நிறுத்துகிறது.

மார்கழிக் கடைசியில் கன்று இறந்தது. அதற்குள் அந்தப் புண்ணாக்கும் தீர்ந்தது. அடுத்த மூட்டையைத் தந்தையார் தாமே போய் வாங்கி வந்தார். காய்ந்த, மணமுள்ள, நல்ல சரக்கு. தை மாதத்தில் பசு மெல்லத் தேறியது; பால் மூன்றரை போத்தல் வரை ஏறியது. பெருமை யாருக்குப் போயிற்று என்பதை நான் சொல்ல வேண்டுமா? பூசாரிக்கு! ஆயாவோ அந்த மாதமே தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு தோட்டத்திலிருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். லாரியில் ஏறும்போது வழியனுப்ப எங்கள் வரிசையிலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

நிற்க. உண்மை எனக்கு எப்படி விளங்கிற்று என்பதைச் சொல்கிறேன். 1974-ஆம் ஆண்டில் ஒரு மாட்டுப் பண்ணையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. ஒரு பக்கம் அன்றன்று மாட்டுக்குக் கொடுத்த தீவனம், மறுபக்கம் அன்றன்று கறந்த பால், இவ்விரண்டையும் எழுதுவதே என் தொழில். சில மாதங்கள் எழுதியபின், பால் பக்கத்தில் உள்ள எண் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. புல் முற்றிப் பூத்தபின் அறுத்த வாரம் எண் இறங்கும். தவிடு பழையதாகி எண்ணெய்ச் சிக்கு நாறும் வாரம் இறங்கும். தண்ணீர்க் குழாய் ஒருநாள் உடைந்தால் அன்று மாலையே இறங்கும். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர்தானே! பசு எப்போதும் ஒளித்து வைப்பதில்லை. கணக்கைத் தவறாமல் காட்டுகிறது. பார்க்கத் தெரியாதவர் நாம்.

அப்பண்ணைக்கு வரும் கால்நடை மருத்துவர் ஒருநாள் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு மூட்டை ஒன்றைக் கண்டு, அதை உடனே எரிக்கச் சொன்னார். "வெயிலில் காயவைத்தால் ஆகாதா?" என்று கேட்டேன். அப்போது அவர் சொன்ன செய்தி என்னை நிலைகுலையச் செய்தது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிகள் காரணம் தெரியாமல் சாகத் தொடங்கி, ஓர் இலட்சத்துக்கு மேல் மடிந்தன. ஆராய்ச்சியாளர்கள் நோயின் மூலத்தைத் தேடித் தேடிக் கடைசியில் தீவனத்தில் கண்டுபிடித்தார்கள். பிரேசில் தேசத்திலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து நஞ்சைக் கக்கியிருந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். கடலை, கொப்பரை, சோளம் முதலியவை ஈரத்தோடும் வெப்பத்தோடும் கிடந்தால் இது உண்டாகும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் மறையலாம், நஞ்சு போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. கல்லீரலைத் தாக்கும், பெரிய மாட்டைவிடக் கன்றை விரைவில் கெடுக்கும். மாடு தின்ற நஞ்சில் ஒரு பங்கு உருமாறிப் பாலிலும் இறங்கும்.

இதைக் கேட்டபோது என் மனக்கண்முன் சாம்பல் பூத்த அந்த அரை மூட்டை வந்து நின்றது. கிராணியார் வீட்டுக்கும் ஆசிரியர் வீட்டுக்கும் நான் கொண்டுபோய்க் கொடுத்த போத்தல்களும் வந்து நின்றன. எங்கள் கன்றை எந்த மருத்துவரும் அறுத்துப் பார்க்கவில்லை. ஆகவே நீதிமன்றத்தில் நிற்கும்படியான சான்று என்னிடம் இல்லை. ஆனால் என் மனம் நீதிமன்றத்தைவிடக் கடுமையானது.

வெள்ளைக்காரர் நாட்டிலே மட்டும் அறிவு விளைகிறது, நம் நாட்டிலே மடமை விளைகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பாவிலும் முற்காலத்தில் பசுவின் பால் வற்றினால் சூனியக்காரி பாலைத் திருடிவிட்டாள் என்று ஏழைக் கிழவிகளைப் பழித்துத் துன்புறுத்தியவர்கள்தாம் அவர்கள். பிறகு அவர்கள் கிழவியை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்கக் கற்றுக் கொண்டார்கள். நம் ஆயாவோ எவரிடமும் கற்காமலே தொட்டியைப் பார்த்தார், முகர்ந்தார், சொன்னார். அறிவு நம் லயத்திலேயே இருந்தது. அதை வாயிற்படிக்கு வெளியே நிறுத்தினோம்.

இனி, தீவனத்தின் வேலை இன்னதென்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடும் ஆடும் நம்மைப்போல் ஒரே அறையுள்ள இரைப்பை உடையவை அல்ல; அவற்றின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறை ஒரு பெரிய ஊறல் பானை. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து, நம்மால் செரிக்க முடியாத நாரைப் புளிக்கவைத்துப் பசுவுக்கு உணவாக்கித் தருகின்றன. ஆகவே, நாம் தீனி போடுவது முதலில் அந்த நுண்ணுயிர்களுக்கு. பசுவுக்கு அவை பங்கு கொடுக்கின்றன. வெறும் வைக்கோலும் முற்றிய புல்லும் போட்டால் அவற்றுக்குப் புரதம் போதாது, வேலை மந்தமாகும், மாடு வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கும். இதற்கு மாறாக, பால் பெருகட்டும் என்று மரவள்ளிக் கிழங்கையோ சோற்றையோ ஒரே நாளில் கூடைகூடையாகக் கொட்டினால் பானை புளித்து அமிலமாகும், மாடு தள்ளாடி விழும், செத்தும் போகும். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் பத்துப் பதினைந்து நாளில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும் என்பது இதனால்தான்.

இளம்புல் சிறந்தது, முற்றிய புல் தாழ்ந்தது. பயற்றினக் கொடிகள் புல்லைவிடப் புரதம் மிகுந்தவை. ஆயாவின் கட்டில் இவை இரண்டும் இருந்தன. புண்ணாக்குகளிலும் தரம் உண்டு. தேங்காய்ப் புண்ணாக்கில் நூற்றுக்குச் சுமார் இருபது பங்கு புரதம். நிலக்கடலைப் புண்ணாக்கில் நாற்பதுக்கு மேல். இன்று நம் நாட்டில் ஏராளமாகக் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் பதினைந்து முதல் பதினெட்டு வரை. இது மாட்டுக்கு நல்ல தீனி. ஆயினும் செம்மறியாட்டுக்கு இதையே முழு உணவாக நெடுநாள் கொடுத்தால், இதிலுள்ள செம்பு கல்லீரலில் சேர்ந்து ஆட்டைக் கொன்றுவிடும். ஒன்றுக்கு உணவானது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது. விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வாங்கக் கூடாதென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கறவைப் பசு ஒரு லிட்டர் பாலில் ஒரு கிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்தை வெளியே அனுப்புகிறது. தீவனத்தில் அது வராவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். முட்டையிடும் கோழியின் நிலையும் அதுவே. ஒவ்வோர் ஓட்டுக்கும் சுமார் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கிடைக்காத கோழி தோல் முட்டையிடும், பிறகு நிறுத்திவிடும். அப்போது கோழிக்குச் செய்வினை என்று சொல்வதைவிட, கிளிஞ்சல் பொடியைத் தீனியில் கலப்பது மலிவு. பிறந்த கன்றுக்குச் சீம்பாலைச் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நோயைத் தடுக்கும் பொருள்களைக் கன்றின் குடல் முதல் நாளிலேதான் அப்படியே உறிஞ்சும். மறுநாள் அந்தக் கதவு அடைந்துவிடும். சீம்பாலைக் காய்ச்சி ஊருக்கெல்லாம் பங்கிட்டுக் கன்றுக்குக் கடைசியில் காட்டும் வழக்கம், கன்றின் ஆயுளையே பங்கிடுவதாகும்.

இவற்றையெல்லாம் எழுதும்போது வேறொரு நினைவும் வருகிறது. எங்கள் தோட்டப் பள்ளியில், "இந்தப் பிள்ளைகளுக்கு மூளை ஏறாது, பிறவியே அப்படி" என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். காலையில் வெறும் காப்பியும் முந்நாள் சோறும், மதியத்தில் ஒன்றுமில்லாமையும் கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்த பிள்ளைகளைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். பசுவின் பால் குறைந்ததற்குக் கண்ணேறு. பிள்ளையின் படிப்புக் குறைந்ததற்குத் தலையெழுத்து. இரண்டிடத்திலும் தட்டைப் பார்த்தவர் இல்லை. நம் சமூகம் முன்னேற வேண்டுமென்று மேடைகளில் முழங்குகிறோம். முன்னேற்றம் என்பது, ஒரு குறை நேர்ந்தால் முதலில் எதைப் பார்க்கிறோம் என்பதில் தொடங்குகிறது.

மருத்துவர் பேச்சைக் கேட்ட வாரக் கடைசியில் ஊருக்குப் போய்த் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வெள்ளியையும் சொன்னேன். அவர் அப்போது முறத்தில் அரிசி புடைத்துக் கொண்டிருந்தார். கை நின்றது. நெடுநேரம் கழித்து, "சினிமாவுக்குக் காசு வேண்டுமென்று கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேனா?" என்றார். சிறிது பொறுத்து, "கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்தான்" என்று தாமே விடையும் சொல்லிக் கொண்டார். பிறகு எழுந்து சேலை மாற்றிக்கொண்டு, "வா, போவோம்" என்றார்.

இரண்டு பஸ் மாறி ஆயாவின் மகள் இருந்த தோட்டத்தைத் தேடிப் போனோம். ஆயா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் எங்களை உட்கார வைத்துக் கடுங்காப்பி கொடுத்தார். வீட்டில் பால் இல்லையே என்று வருந்தினார். என் தாயார் அந்தக் குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒரு வாய்கூடப் பருகாமல், தாம் சொல்ல வந்ததையெல்லாம் சொன்னார். மகள் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "அம்மா ஒருநாளும் உங்களைக் குறைசொன்னதில்லை. அந்தக் கன்று பிழைத்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்" என்றார். நாங்கள் இருவரும் தலைகுனிந்து எழுந்து வந்தோம்.

இன்று அத்தோட்டம் இல்லை. மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயங்கள் போயின, மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள், மாடுகளுக்கு அங்கே இடமில்லை. ஆயினும் பட்டணத்து ஓரங்களிலும் கம்பத்துப் பக்கங்களிலும் நம்மவர் சிலர் இன்னும் பசுவும் ஆடும் வளர்த்துத்தான் வருகின்றனர். அவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. புண்ணாக்கைப் பலகைமேல், சுவரில் படாமல், காற்றோட்டமாக வையுங்கள். பூத்ததை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் எரித்துவிடுங்கள். புல்லைப் பூக்குமுன் அறுங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கொடுத்ததையும் கறந்ததையும் எதிரெதிரே எழுதி வாருங்கள். பால் குறைந்த அன்று அந்த நோட்டைப் பாருங்கள். பிறகு தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் கிழவியார் வந்து, "அம்மாடி, தீவனம் சரியில்லை" என்று சொன்னால், அவரை உட்கார வைத்து, முழுவதும் சொல்லி முடிக்க விடுங்கள். ஒரு குவளைப் பாலும் கொடுங்கள்.